கோடு விழாத வட்டம்

அத்தியாயம் 17

அம்மா நோட்டைப் படித்துவிட்டாள் என்பது, காபி டம்ளரை வாங்கும்போதே பிரியம்வதாவுக்குத் தெரிந்துவிட்டது.

டம்ளரைக் கொடுத்த பிறகும் கனகலட்சுமி அங்கேயே நின்றாள். குளித்து, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி புடவைக்கு ஊக்குக் குத்தியிருந்தாள். ஆனால் இன்றைக்கு விடுப்பு. டென்மார்க்கிலிருந்து மகளின் பேராசிரியை கிர்ஸ்டன் பதினொரு மணிக்கு வருகிறார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"பொங்கலுக்கு அவ எடுத்த சேலை என்ன கலருன்னு எழுதாம விட்டுட்டியே?"

பிரியம்வதா டம்ளரை மேசைமேல் வைத்தாள். கை இருப்பதே மறந்துபோனது போலிருந்தது.

அவள் என்றால் ஸ்ரீஜா. பிரியம்வதாவின் அக்கா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இருபது வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போனவள்.

டென்மார்க்கில் மானிடவியல் படிக்கப் போன முதல் மாதம். மனிதர்களோடு இருந்து, பார்த்து, கேட்டு எழுதுகிற களப்பணியைத்தான் அங்கே முக்கியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் பாடம், அவரவர் குடும்பத்தை நோட்டின் முதல் பக்கத்தில் வரைவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. பிரியம்வதா தாத்தாவுக்குக் கோடு போட்டாள். பெரியப்பாவுக்குப் போட்டாள். ஸ்ரீஜாவின் வட்டத்துக்கு மேலே பேனா நின்றது. கீழே இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. தீர்மானித்துச் செய்ததல்ல.

வகுப்பைச் சுற்றி வந்த கிர்ஸ்டன் அந்த வட்டத்தைத் தொட்டு, "அக்கா என்ன செய்கிறாள்?" என்று கேட்டார்.

"கோரிப்பாளையத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை."

சாவதற்கு முன் மூன்று மாதம் ஸ்ரீஜா அந்தக் கடையில்தான் மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தாள். அதனால் அது முழுப்பொய்யாகவும் தோன்றவில்லை.

அதன் பிறகு அந்தப் பொய்க்கு வாராவாரம் சோறு போட வேண்டியிருந்தது. ஒரு உறவினரைப் போனில் பேட்டி எடுத்து எழுத வேண்டும் என்றார்கள். நோட்டின் இடது பக்கத்தில் பேசியவரின் சொற்கள், அவருடைய மொழியிலேயே. வலது பக்கத்தில் ஆங்கிலம். பதினொரு ஞாயிற்றுக்கிழமை, மறுமுனையில் யாருமில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு பிரியம்வதா தன் அறையில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டாள். கொஞ்சம் இடைவெளி விட்டாள். எழுதினாள்.

காய்ச்சலின் மூன்றாம் நாள் ஸ்ரீஜா, "கொஞ்ச நேரம் உக்காருடி," என்றிருந்தாள். பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு. பிரியம்வதா டியூஷனுக்குப் போய்விட்டாள். அந்தப் பதினொரு ஞாயிறும் அவள் உட்கார்ந்தது அதற்காகத்தானா என்று இப்போதும் அவளால் சொல்ல முடியாது.

வகுப்பிலேயே மிகச் சிறந்தது அந்தப் பேட்டிதான் என்றார் கிர்ஸ்டன். துறையின் தொகுப்பில் அச்சாகப் போகிறது. அச்சாக வேண்டுமென்றால், பேசியவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் ஒரு வரியும் போட மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன் ராமநாதபுரம் கடற்கரையில் தங்கி ஆராய்ச்சி செய்தவர் கிர்ஸ்டன். அங்கே போகிற வழியில் தானே மதுரைக்கு வந்து, ஸ்ரீஜாவைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வதாக எழுதிவிட்டார்.

இன்று சொல்லிவிடுவது என்று பிரியம்வதா முடிவு செய்திருந்தாள். படிப்பு போனால் போகட்டும். முன்னறையில் ஸ்ரீஜாவின் படம் இருக்கிறது. சந்தன மாலையும் சிவப்புச் சின்ன பல்பும். கிர்ஸ்டன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிடுவார். தான் சொல்லத் தயங்குவதைப் படம் சொல்லிவிடும்.

விடுமுறைக்கு வந்த மகளின் பெட்டியைத் துழாவுகிற அம்மாவின் பழக்கத்தை அவள் மறந்துபோயிருந்தாள்.

"நான் இடது பக்கத்த மட்டுந்தான் படிச்சேன்," என்றாள் கனகலட்சுமி. "அம்புட்டும் அவ பேச்சுடி. 'எனக்கு எதுக்குக் கல்யாணம், அவன் சட்டையையும் சேத்து நான் தேய்க்கவா'ங்குறா பாரு. அவளேதான்."

"அம்மா, அத நான் எழுதுனேன்."

"தெரியுது. நான் என்ன கிறுக்கியா?" அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். "முடி நரைச்சிருச்சுன்னு போட்டிருக்க. எம்புட்டு? முன்னாடி மட்டுமா?"

"காதுகிட்ட," என்று சொல்லிவிட்டு பிரியம்வதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கனகலட்சுமி தலையாட்டினாள். வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"அம்மா, இன்னைக்கு அவங்ககிட்ட உண்மையச் சொல்லிருவேன்."

"அப்ப மொதப் பக்கத்து வட்டத்துல கோடு போடப் போற."

பிரியம்வதா ஆறிப்போன டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பேரையூர்ப் பக்கம் போனேன்ல, நீ சின்னப்புள்ளையா இருக்கையில. ஒரு வீட்டுல ஒருத்தி, நாலு பேருன்னா. மகன் திருப்பூர்ல வேலை பாக்குறான்னா. வயசு, படிப்பு, எல்லாஞ் சொன்னா. எழுதிட்டு நாலு வீடு தள்ளிப் போனா, அந்த வீட்டுக்காரி சொல்றா, அவன் செத்து ரெண்டு வருசம் ஆச்சு டீச்சர்ன்னு. நான் திரும்பிப் போனேன். அவ முன்னாடியே பேனாவ எடுத்து அந்த வரிய அடிச்சேன். கணக்கு தப்பாயிறக் கூடாதுல்ல?"

ரசம் பொங்கும் வாசனை வந்தது. கனகலட்சுமி திரும்பவில்லை.

"அவ பேனாவையே பாத்துக்கிட்டிருந்தா. அவ பாத்தது எனக்கு ஆறு வருசங் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு. போ, போயிக் குளி. அவுக வந்துருவாக."

குளித்துவிட்டு வந்தபோது, வீடு இருக்கும் அவனியாபுரத்துக்கு மேலே காலை விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் விமானம் போகும்போதெல்லாம் ஸ்ரீஜாவின் படம் சுவரில் மூன்று முறை தட்டும். டக், டக், டக். முன்பு விமானத்தை எண்ணியவர்கள், ஒன்பது வருஷமாக அந்தத் தட்டலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குத் தட்டவில்லை.

பிரியம்வதா ஈரத்துண்டோடு முன்னறைக்கு ஓடினாள். சுவரில் ஒரு ஆணி. அதற்குக் கீழே, மற்ற சுவரைவிட வெளுப்பாக ஒரு சதுரம். பல்பைக் கழற்றிய வயர் முறுக்கிக்கொண்டு தொங்கியது.

அவளுக்கு முன்பே அப்பா அங்கே நின்றிருந்தார். அருள்பாண்டி, கடைத்தெருவுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருப்பவர். இரும்பு கடைகிற சத்தத்திலேயே வாழ்நாள் கழிந்ததால் வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

"கனகா, படம் எங்க?"

"தூசி தட்ட எடுத்தேன்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"தூசி தட்டுறவ பல்பையும் சேத்தா கழட்டுவா?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. என்ன நடக்குது இந்த வீட்டுல?"

சொன்னாள். வட்டம், போன், நோட்டு, கையெழுத்து. எல்லாவற்றையும் சொல்ல மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வருஷமாகத் தன் மார்பில் கனத்த ஒன்று இத்தனை சின்னதாக இருந்ததில் அவளுக்கே வியப்பு.

அருள்பாண்டி அந்த வெளுத்த சதுரத்தையே பார்த்தார். "டென்மார்க்ல அவளுக்கு வேலையெல்லாம் போட்டுக் குடுத்திருக்க," என்றார். திட்டுகிறாரா என்று பிரியம்வதாவுக்குத் தெரியவில்லை. அவர் குரல் உடைந்திருந்தது.

வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது.

"அண்ணே, பத்துப் பேரு ஏத்திட்டு ரெண்டே பேருதான் ஏறிருக்குன்னு சொல்றிய! நான் எண்ணத் தெரியாதவளா?" என்று ஓட்டுநரிடம் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கினார். அறுபது வயதுக்கு மேல். கதர் சட்டை, தோளில் பை. கடற்கரைத் தமிழ் அவர் வாயில் கருவாடு மாதிரி கெட்டுப்போகாமல் இருந்தது.

"சொகமா இருக்கியளா?" என்று கனகலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மேடம், வாங்க."

"மேடம் எதுக்கு? உங்களவிட மூத்தவ நான். அக்கான்னு சொல்லுங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். டம்ளரை இறக்கும்போது அவர் கண் சுவரில் ஏறி, ஆணியில் நின்று, வயரில் இறங்கி, மறுபடி டம்ளருக்கு வந்தது. பிரியம்வதா அதைப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிஷம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"பெரியவ எங்க?" என்று கேட்டார் கிர்ஸ்டன்.

பிரியம்வதா வாய் திறந்தாள்.

"வேலைக்குப் போயிருக்கா," என்றாள் கனகலட்சுமி. "ஆறு மணிக்கு வந்துருவா."

பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் வருகைப்பதிவு எடுத்தவளின் குரல் அது. கொஞ்சமும் பிசகவில்லை.

"ஆறு மணிதானே," என்று கிர்ஸ்டன் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "இருந்து பாத்துட்டே போறேன்."

அருள்பாண்டி எழுந்து உள்ளறைக்குப் போனார். பீரோ திறந்து மூடுகிற சத்தம். துணிப்பையோடு வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பட்டறையில வேலை கெடக்கு," என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆறு மணிக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் முழுக்க பிரியம்வதா சொல்ல முயன்றாள். சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "கிர்ஸ்டன், நான் ஒண்ணு..." என்றாள். "அக்காவுக்கு ரசம் ஊத்துடி," என்றாள் அம்மா. கை கழுவும்போது முயன்றாள். அம்மா துண்டோடு வந்து நின்றாள். கிர்ஸ்டனும் உதவவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நோட்டை வெளியே எடுக்கவே இல்லை.

கனகலட்சுமி பேசினாள். கடைக்காரர் சேக் இஸ்மாயில் பாய் போன வருஷம் ஸ்ரீஜாவிடம் கடைச் சாவியையே கொடுத்துவிட்டாராம். அவர் மகள் ஹஃபீஸாவும் இவளும் ரொம்ப சிநேகமாம். நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தால் முழுசாக வீடு வந்து சேராதாம், வழியிலேயே பாதி குடித்துவிடுவாளாம். போன மாதம் பல் வலி. பிடுங்க மாட்டேன் என்று ஒரே அழுகை.

"இருபத்தொம்பது வயசுல பல்லு புடுங்க அழுவுறவள எங்கயாச்சும் பாத்திருக்கியளா?" என்று அம்மா கிர்ஸ்டனின் பேச்சிலேயே கேட்டுச் சிரித்தாள்.

பல் வலி நோட்டில் இல்லை. சாவியும் இல்லை. பிரியம்வதா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தான் எழுதாத ஒரு ஸ்ரீஜா இந்த வீட்டில் ஒன்பது வருஷமாக வளர்ந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல், ஒரு நாளும் விடாமல், அம்மா வளர்த்திருக்கிறாள்.

கொல்லைப்பக்கம் போன கிர்ஸ்டன் திரும்பும்போது வாசலைக் காட்டினார். "செருப்பு இங்க இருக்கே?"

நீலப்பட்டைச் செருப்பு. இடது செருப்பு குப்புறக் கிடந்தது. ஸ்ரீஜா எப்போதும் அப்படித்தான் கழற்றிப் போடுவாள், நோட்டின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. பரணிலிருந்து அம்மா எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

"அது பழசுக்கா," என்றாள் கனகலட்சுமி, ஒரு நொடிதான் தடுமாறி. "புதுசப் போட்டுட்டுப் போயிருக்கா."

நாலரை மணிக்கு அவள் மகளை உள்ளறைக்கு இழுத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"படத்தக் காணோம்டி."

"எங்க வச்ச?"

"பீரோவுல. என் பட்டுச்சேலைக்கு உள்ள. மாலை கெடக்கு, பல்பு கெடக்கு. அவளக் காணோம்." குரலைத் தாழ்த்தினாள். "எந்திரிச்சுப் போயிட்டா."

"அம்மா, அப்படிப் பேசாத. பயமா இருக்கு."

"எனக்குப் பயமில்ல." கனகலட்சுமி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையெழுத்து வாங்கத்தான வந்திருக்காக? ஸ்ரீஜா கையெழுத்து எனக்குத் தெரியும். காலேஜ் பாரத்துல எம்புட்டுத் தடவை பாத்திருக்கேன். கடைசியில ஒரு சுழி சுழிப்பா. அவ ஆறு மணிக்கு வரலைன்னா நான் போட்டுத் தாரேன். உன் படிப்பு போயிறக் கூடாது."

வரலைன்னா. அந்த ஒரு சொல்லில் பிரியம்வதா நின்றுபோனாள். அம்மா பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை நேரமும் நினைத்திருந்தாள். பாதி நாளுக்கு மேல் அவள் உண்மையாகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம். மூன்று பெண்களும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் கையெழுத்துக்கான தாள். இடையில் கனகலட்சுமி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாள். வேலைவிட்டு வந்ததும் ஸ்ரீஜாவுக்குக் காபி வேண்டும்.

'இப்போது சொல்,' என்று பிரியம்வதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'வாசல் கேட்டில் சத்தம் கேட்பதற்குள் சொல்லிவிடு.' அவளும் காத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மை. அவள் காதும் கேட்டின் தாழ்ப்பாளில்தான் இருந்தது.

மேலே மாலை விமானம் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சத்தம் தேய்ந்து முடியும்போது தாழ்ப்பாள் விலகியது.

கனகலட்சுமி எழுந்துவிட்டாள்.

அருள்பாண்டி உள்ளே வந்தார். கையிலும் சட்டையிலும் கிரீஸ். துணிப்பையைத் திறந்து, செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்தார். தாளைப் பிரித்தார். கண்ணாடியை அழுந்தத் துடைத்து, ஒன்பது வருஷத்து ஊதுபத்திப் புகையெல்லாம் போக்கியிருந்தார். மாலை இல்லை. பல்பு இல்லை. கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு பெண். சுவரில் மாட்டாமல், கிர்ஸ்டனுக்கு எதிரே இருந்த நாற்காலியில், சாய்ந்து உட்காருகிற மாதிரி படத்தை வைத்தார்.

"ஆறு மணின்னீங்கள்ல," என்றார். "வந்துட்டா."

கிர்ஸ்டன் எழுந்து நின்றார். வீட்டுக்கு ஒருவர் வந்தால் எழுந்து நிற்பார்களே, அப்படி. அவர் உட்கார வெகுநேரம் ஆனது.

கனகலட்சுமி அழவில்லை. அருகில் போய், முந்தானையால் கண்ணாடியின் ஒரு மூலையைத் துடைத்தாள். அங்கே அழுக்கே இல்லை.

"சொல்லு பிரியம்வதா," என்றார் கிர்ஸ்டன்.

சொன்னாள். இந்த முறை எதையும் விடவில்லை. டியூஷனையும் சொன்னாள். உள்ளே பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தது. யாரும் எழவில்லை.

"காலையிலேயே ஆணியப் பாத்தேன். வயரப் பாத்தேன்," என்றார் கிர்ஸ்டன். "யாரு படத்துக்குப் பல்பு எரியும்னு எனக்குத் தெரியாதா? ஓன் வாயால வரட்டும்னுதான் இருந்தேன். வர ஏழு மணி நேரமாச்சு." மேசையிலிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் போட்டார். "இது அச்சுக்குப் போகாது. அது முடிஞ்சுபோச்சு. ஓன் படிப்பு என்னாகும்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன். நாளைக்கு எட்டு மணிக்கு நான் கெளம்புறேன். அந்த நோட்டு எனக்கு வேணும், முழுசா. என்ன எழுதியிருக்கன்னு படிச்சுட்டுத்தான் துறைக்கு எழுதணும்."

"தாரேன்," என்றாள் பிரியம்வதா. மேசையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

நோட்டு அம்மாவின் இடுப்பில் இருந்தது. புடவைக் கொசுவத்துக்குள் செருகி, மேலே முந்தானையை இழுத்து மூடியிருந்தாள்.

"தர மாட்டேன்," என்றாள் கனகலட்சுமி.

"கனகா," என்றார் அருள்பாண்டி மெதுவாக. "இருக்குற புள்ளை படிப்புடி."

அவள் நாற்காலியிலிருந்த படத்தைக் காட்டினாள். "இவளுக்கு இருபது வயசு. நீங்க எத்தன தடவ துடைச்சாலும் இருபதுதான்." நோட்டை உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதுல அவளுக்கு இருபத்தொம்பது."

கிர்ஸ்டன் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கனகலட்சுமி அவரைப் பார்க்கவே இல்லை. நோட்டைப் புரட்டிக் கடைசியில் எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்தாள். அதற்குப் பிறகு வெள்ளையாகக் கிடந்த தாள்களைக் கட்டைவிரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். மேசைமேல் கையெழுத்துக்காக வைத்திருந்த பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"இன்னும் இம்புட்டுப் பக்கம் கெடக்கேடி," என்றாள்.